தோப்பை அடமானம் வைக்காதீர்கள்

ஐயா, வணக்கம்.

போன வாரம் நீங்களும் அம்மாவும் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து போனதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. இரண்டு முறை நீட் எழுதியாகிவிட்டது, மூன்றாவது முறை எழுதட்டுமா, வெளிநாட்டுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டீர்கள். அன்றைக்கு "கவலைப்படாதீர்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி அனுப்பினேன். அது போதாது. இரண்டும் வேண்டாம் என்பதுதான் என் பதில்.

பெரிய மாமா சொல்கிறார் என்பதற்காகத் தோப்பை அடமானம் வைக்காதீர்கள். வெளிநாட்டில் மருத்துவம் படித்து வந்தாலும் இங்கே தகுதித் தேர்வில் தேறினால்தான் தொழில் செய்ய முடியும். தேறும்வரை வட்டி உங்கள் தலையில்தான் விழும். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

பாப்பா அன்று பேசியது கொஞ்ச நேரம்தான். தென்னைக்கு ஊடே போட்ட கோகோவில் காய் பறித்து, விதையைப் புளிக்கவைத்துக் காயவைத்து, வறுத்து, மிக்ஸியில் அரைத்துச் சாக்லேட் செய்து பார்த்தாளாம். "பால் ஊற்றினதும் கட்டி தட்டிப்போச்சு, ஏன் சார்?" என்று கேட்டாள். மருத்துவப் படிப்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கவனித்தீர்களா?

பாலையும் சாக்லேட்டையும் சேர்க்க வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியவர் மில்டன் ஹெர்ஷி. 1857இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர், நான்காம் வகுப்போடு பள்ளி முடிந்தது. அச்சகத்தில் சேர்த்துவிட்டார்கள், ஒட்டவில்லை. அவருடைய அம்மாதான் லங்காஸ்டரில் ஒரு மிட்டாய்க்காரரிடம் தொழில் பழக அனுப்பினார். 1876இல் பிலடெல்பியாவில் போட்ட கடை ஆறு வருஷத்தில் மூடியது, நியூயார்க்கிலும் அதே கதி. நடுவில் டென்வரில் வேலை பார்த்தபோது கேரமலில், அதாவது சர்க்கரையைக் காய்ச்சிச் செய்யும் மிட்டாயில், பச்சைப் பால் சேர்க்கும் வித்தையைக் கற்றுக்கொண்டார். ஊர் திரும்பியதும் அதுதான் கைகொடுத்தது. 1893 சிகாகோ கண்காட்சியில் ஜெர்மன் சாக்லேட் இயந்திரங்களைப் பார்த்து வாங்கினார். 1900இல் கேரமல் தொழிலைப் பத்து லட்சம் டாலருக்கு விற்றுவிட்டுச் சாக்லேட்டில் முழுசாக இறங்கினார். கொழுப்பு நீக்கிய பாலைச் சர்க்கரையோடு குறைந்த சூட்டில், காற்றை உறிஞ்சி எடுத்த மூடிய கலத்தில் சுண்டவைக்கும் முறை பல சோதனைகளுக்குப் பிறகு பிடிபட்டது. 1905இல், தான் பிறந்த ஊர்ப்பக்கம், பால்மாடுகள் மேயும் இடத்திலேயே ஆலை ஓடத் தொடங்கியது.

நான்காம் வகுப்புக்காரரே ஜெயித்தாரே, படிப்பு எதற்கு என்று கேட்காதீர்கள். சொல்லித்தர ஆளில்லாமல்தான் அவர் அத்தனை வருஷம் தட்டுத்தடுமாறினார். அவர் தேடியது இன்றைக்கு நான்கு வருஷப் பட்டப்படிப்பாகவே இருக்கிறது: பி.டெக் உணவுத் தொழில்நுட்பம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் கொடுவள்ளியில், கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கல்லூரியில் பால் தொழில்நுட்பமும் சேர்த்து இருக்கிறது. இரண்டுக்கும் நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்தான். பாப்பா கணிதமும் எடுத்திருப்பதால் தடையில்லை. தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் இருக்கிறது, ஆனால் அதற்கு ஜேஇஇ என்ற பொறியியல் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

சூடு ஒரு பொருளுக்குள் எப்படி இறங்குகிறது, கிருமி எப்போது பெருகும், எண்ணெயும் தண்ணீரும் எப்படிச் சேரும், உறைக்குள் பொருள் எத்தனை நாள் தாங்கும் என்பதெல்லாம் அங்கே பாடம். உருக்கிய சாக்லேட்டை 31, 32 டிகிரிச் சூட்டுக்குக் கொண்டுவந்து பக்குவப்படுத்தாமல் ஊற்றினால் ஏன் வெள்ளை பூக்கிறது என்பதற்கும் அங்கே விடை உண்டு. முடித்தவர்கள் பால் ஆலை, பிஸ்கட், மசாலா நிறுவனங்களில் தரக்கட்டுப்பாட்டுக்குப் போகலாம். உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கும் இந்தப் பட்டம் தகுதி. முதல் சில வருஷம் சம்பளம் சுமார்தான், ஷிப்டும் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். அரசு இடத்துக்கு முயலுங்கள். நன்கொடை கேட்கும் கல்லூரி என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

விண்ணப்பத்தைப் பாப்பாவே நிரப்பட்டும். மாமாவை என்னிடம் ஒரு நாள் கூட்டி வாருங்கள், நான் பேசுகிறேன். அப்புறம், அவள் கேள்விக்குப் பதில்: பாலில் இருக்கும் தண்ணீர்தான் காரணம். அடுத்த முறை பால்பொடி போடச் சொல்லுங்கள், மிக்ஸி ஜாரில் ஒரு சொட்டு ஈரம்கூட இருக்கக் கூடாது.