தனி வீட்டை விடுவதா?

கேள்வி: நங்கநல்லூரில் 1984ல் கட்டிய தனி வீடு, ஒரு கிரவுண்ட். எனக்கு 68, கணவருக்கு 74. இரண்டு பக்கமும் அடுக்குமாடி எழும்பி, துளசி மாடத்தில் வெயிலே விழுவதில்லை. வாரம் ஒரு பில்டர் கதவைத் தட்டுகிறார். மகன் பெங்களூரு வரச் சொல்கிறான். போகலாமா?
- ஒரு வாசகி, சென்னை-61

பதில்: சகோதரி, நான் குரோம்பேட்டை வீட்டை விற்றுவிட்டு சிறுசேரி போனவள். வீடு நல்ல வீடுதான். ஆனால் முகம் பார்த்தே மாத்திரையை எடுத்து வைக்கும் மருந்துக்கடைக்காரர், கடனுக்குக் கீரை தரும் அம்மா, இப்படி மனிதர்களைத் திரும்பச் சம்பாதிக்க எனக்கு மூன்று வருடம் பிடித்தது. 74 வயதில் அவருக்கு அது இன்னும் கஷ்டம்.

உங்களுக்கு ஆஞ்சநேயர் கோயில் இருக்கிறது, 2016லிருந்து மெட்ரோவும் இருக்கிறது. ஊரை விடாதீர்கள். மாடிப்படியும் பராமரிப்பும் முடியவில்லை என்றால் மட்டும், அதே மனையில் பில்டரோடு கூட்டாகக் கட்டி, லிஃப்ட் உள்ள ஒரு ஃபிளாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

அதில் ஒரு கவனம். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனைக்கு, வீடு வாங்குவோரைப் பாதுகாக்கும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் (ரேரா) பதிவு கட்டாயமில்லை. ஒரு கிரவுண்ட் சுமார் 223தான். அதனால் ஒப்பந்தம்தான் உங்களுக்குக் காவல். உங்கள் மனைப்பங்கு எவ்வளவு, கட்டி முடியும்வரை வாடகை யார் தருவது, தாமதமானால் என்ன நஷ்டஈடு, எல்லாம் எழுத்தில் வரட்டும். முழு மனைக்கும் பவர் எழுதித் தரவே வேண்டாம். பில்டர் அழைத்து வரும் வக்கீல் போதாது, உங்களுக்கென்று ஒருவரை வையுங்கள்.

அப்புறம், மகனிடம் ஒரு மாதம் போய் இருந்து பாருங்கள். வீட்டைப் பூட்டிவிட்டுத்தான், விற்றுவிட்டு அல்ல.