ஏறுமுன் எழுதிப் பாருங்கள்: மலைநடை கேள்வி – பதில்

கேள்வி: தாத்தா காலத்தில் காரையாறு, பாணதீர்த்தம் வழியாகப் பொதிகைக்கு நடந்தே போய் வருவார்களாம். நாங்கள் ஐந்து பேர். கூடாரம், அடுப்பு எல்லாம் கைவசம் இருக்கிறது. அந்தப் பழைய தடத்தில் நாங்களாகவே போக வழி உண்டா அண்ணாச்சி? (விக்கிரமசிங்கபுரம் வாசகர்)

பதில்: இல்லை. பாணதீர்த்தத்துக்கு மேலே இருப்பது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் உட்காடு. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி, சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். கிளையை ஒடிக்கவில்லை, தீ மூட்டவில்லை என்பதெல்லாம் அங்கே எடுபடாது. "எனக்குத் தடம் தெரியும், ஆளுக்கு இவ்வளவு தாருங்கள்" என்று யாராவது வந்தால் தயவுசெய்து போகாதீர்கள். வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். உள்ளே ஒருவருக்குக் கால் முறிந்தால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று வெளியே யாருக்கும் தெரியாது. தெரியப்படுத்தவும் பயப்படுவீர்கள். பெரிய ஆபத்து அதுதான்.

1,868 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்துக்கு இன்று முறையான வழி கேரளப் பக்கம் உள்ள போணக்காட்டில் இருந்துதான். கேரள வனத்துறை பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை ஆட்களை அனுமதிக்கிறது. இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். முதல் நாள் அதிருமலை முகாமில் தங்கி, மறுநாள் உச்சி ஏறி இறங்குவார்கள். கடைசிப் பகுதி பாறை, கயிறு பிடித்து ஏற வேண்டும். ரப்பர் செருப்போடு வருகிறவர்கள் அங்கேதான் வழுக்கி விழுகிறார்கள்.

தமிழ்நாட்டிலேயே நடக்க வேண்டுமானால், 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன. அவற்றில் நம் திருநெல்வேலிப் பக்கத்துத் தடமும் உண்டு. வனத்துறை வழிகாட்டியோடுதான் விடுவார்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கி இறந்தது நினைவிருந்தால் ஏன் என்று கேட்க மாட்டீர்கள். தீ மேட்டை நோக்கி வேகமாக ஓடும். கீழே எரிவதன் சூடு மேலே உள்ள காய்ந்த புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடும். மனிதக் கால் அதை முந்தாது. அதனால்தான் கோடையில் பாதைகளை மூடுகிறார்கள்.

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர், உத்தரகாண்ட் மலர்ப் பள்ளத்தாக்குக்கு எந்த நிறுவனமும் இல்லாமல் போக நினைக்கிறோம். எத்தனை நாள் வைப்பது, ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்பது என்று எப்படிக் கணக்குப் போடுவது? (பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: சொந்தமாகத் திட்டமிட்டு இமயமலையில் நடக்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது அரிது. தடம் தெளிவானது, பள்ளத்தாக்குக்கு முந்தைய ஊரான கங்காரியாவில் விடுதியும் சாப்பாடும் உண்டு, கூடாரம் சுமக்க வேண்டாம். பள்ளத்தாக்கு ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை திறந்திருக்கும். பூ நிறைந்திருப்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. அது மழைக்காலமும்கூட.

கணக்குக்கு வருவோம். கிலோமீட்டரை மட்டும் வைத்து நாளைப் பிரிப்பதுதான் சமவெளிக்காரர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. மலையில் தூரத்தைவிட ஏற்றமே நேரத்தைத் தின்னும். 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன விதி இன்றும் பயன்படுகிறது. 5 கி.மீ. நடைக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி நேரம். ஜீப் போகும் கடைசி ஊரான புல்னாவில் இருந்து கங்காரியா சுமார் 10 கி.மீ., ஏற்றம் ஏறக்குறைய 1,000 மீட்டர். நடைக்கு 2 மணி, ஏற்றத்துக்கு 1 மணி 40 நிமிடம், ஆக 3 மணி 40 நிமிடம். இது பழகிய காலுக்கான கணக்கு. முதுகில் பையோடு போகும் நாம் அதை ஒன்றரையால் பெருக்க வேண்டும்: ஐந்தரை மணி. காலை 8 மணிக்குக் கிளம்பினால் மதியம் 2 மணிக்குள் போய்ச் சேரலாம். 11 மணிக்குக் கிளம்பினால் மாலை நாலரை ஆகிவிடும், வழியில் மழை பிடித்தால் இருட்டியும் விடும்.

ஏற்றத்தை எப்படி அறிவது? இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது 500 மீட்டர். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடு ஒவ்வொன்றுக்கும் இடையே பொதுவாக 20 மீட்டர் ஏற்றம். கோடுகள் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் நெருங்கியிருந்தால், 50 மீட்டர் நடக்க 20 மீட்டர் ஏறுகிறீர்கள் என்று பொருள். அது மூச்சு வாங்கும் செங்குத்து. அந்த வரைபடம் கிடைக்காத பகுதிக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவை வைத்து இயங்கும் ஓஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் செயலிகளில் வரைபடத்தை ஊரிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மேலே சிக்னலை நம்ப வேண்டாம்.

இனி நாட்கள். திருநெல்வேலியில் ஏறி திருக்குறள் எக்ஸ்பிரஸில் டெல்லி நிஜாமுதீன், அங்கிருந்து ரிஷிகேஷ், பிறகு ஒரு முழுப் பகல் சாலைப் பயணத்தில் கோவிந்த்காட். ஜீப்பில் 4 கி.மீ. தள்ளிப் புல்னா. கங்காரியா சுமார் 3,050 மீட்டர். முதல் இரவு அங்கே. இரண்டாம் நாள் பள்ளத்தாக்கு: நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே போய், மாலைக்குள் வெளியே வந்துவிட வேண்டும், தங்க முடியாது. மூன்றாம் நாள், ஏரியும் சீக்கியர் குருத்வாராவும் உள்ள ஹேம்குண்ட். அது 4,000 மீட்டருக்கு மேல். சுமார் 6 கி.மீ. தூரத்தில் 1,200 மீட்டருக்குக் குறையாத ஏற்றம், அதாவது ஏறவே ஐந்து மணி நேரம். மதியம் எங்கே நின்றாலும் 1 மணிக்குத் திரும்பிவிடுவது என்று நால்வரும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரிசையை மாற்றவும் வேண்டாம். ஹேம்குண்டுக்கு முன் கங்காரியாவில் இரண்டு இரவு தூங்கினால்தான் உடம்பு குறைந்த காற்றுக்குப் பழகும்.

2,500 மீட்டருக்கு மேல் தலைவலியோடு குமட்டலோ சோர்வோ சேர்ந்தால், வேறு காரணம் தெரியும் வரை அதை உயர நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஏறக் கூடாது. ஓய்விலும் மூச்சு முட்டினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால் இரவானாலும் கீழே இறக்க வேண்டும். உயர நோயைத் தடுக்கத் தரும் அசிட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை அடைபடுவது வாடிக்கை. திரும்பும் ரயிலுக்கு முன் இரண்டு நாளாவது சும்மா விடுங்கள். டிக்கெட்டுக்குப் பயந்து சரிவில் வண்டி ஓட்டச் சொல்லும் நிலை வரக் கூடாது.

கேள்வி: ஷூ, பை, தூங்கும் பை மூன்றில் எதற்குப் பணம் செலவழிக்கலாம்? (தென்காசி வாசகர்)

பதில்: முதலில் ஷூ. மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், நடக்கும்போது போடும் காலுறையோடு போட்டுப் பாருங்கள். நுனியில் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் முட்டிக் கறுத்துப்போகும். புது ஷூவோடு மலைக்குப் போகாதீர்கள். பண்பொழி திருமலைக் கோவிலின் 500க்கு மேற்பட்ட படிகளில் பையோடு ஏறி இறங்கிப் பழக்குங்கள். ஒரு படி 15 செ.மீ. என்றால் 500 படிக்கு 75 மீட்டர். எட்டுத் தடவை ஏறினால் 600 மீட்டர். கால், ஷூ, பை மூன்றுக்கும் ஒரே தேர்வு.

பையில் இடுப்புப் பட்டைதான் முக்கியம். எடையில் பெரும்பங்கு இடுப்பில் உட்கார வேண்டும். தோள் வலித்தால் பட்டை இடுப்பெலும்புக்குக் கீழே நழுவியிருக்கிறது. கனமான பொருளை முதுகை ஒட்டி நடுவில் வையுங்கள். மொத்தச் சுமை உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். மழை உறை மட்டும் போதாது, முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும். உள்ளே தடித்த பாலித்தீன் பை ஒன்றை விரித்து அதற்குள் துணியை வையுங்கள்.

தூங்கும் பையில் 'கம்ஃபர்ட்', 'லிமிட்', 'எக்ஸ்ட்ரீம்' என்று மூன்று வெப்பநிலை போட்டிருக்கும். கடைக்காரர் பெரிதாகக் காட்டுவது பெரும்பாலும் கடைசி இரண்டை. எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் பிழைக்கும் அளவு, தூங்கும் அளவு இல்லை. வெயிலில் வளர்ந்த நமக்கு கம்ஃபர்ட் எண்தான் கணக்கு. விடுதியில் தங்கும் பயணத்துக்கு வாங்கவே வேண்டாம்.

பருத்தி பனியனையும் ஜீன்ஸையும் ஊரிலேயே விடுங்கள். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

கேள்வி: துபாயில் இருக்கும் மச்சான் சாட்டிலைட் போன் அனுப்புகிறேன் என்கிறார். மலைக்கு நல்லதுதானே? (மேலப்பாளையம் வாசகர்)

பதில்: வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். இந்தியாவில் உரிமம் இல்லாமல் துரையா, இரிடியம் போன்களை வைத்திருப்பதே குற்றம். செய்தி மட்டும் அனுப்பும் கார்மின் இன்ரீச் கருவிக்கும் இதே நிலைதான், விமான நிலையத்திலேயே பிடிபடுவார்கள். கைப்பேசியில் தானாக இடம் காட்டும் ஜிபிஎஸ்ஸுக்குத் தடை இல்லை.

கேள்வி: அட்டைக்கு என்ன செய்வது? (கல்லிடைக்குறிச்சி வாசகி)

பதில்: முழங்கால் வரை நெருக்கமாக நெய்த அட்டைக் காலுறை போடுங்கள். ஒட்டிவிட்டால் பிய்க்காதீர்கள், சூடும் வைக்காதீர்கள். மெல்லிய முனைப் பக்கம் நகத்தைத் தட்டையாக நுழைத்துத் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் கசிவு நிற்க நேரமாகும். சோப்புப் போட்டுக் கழுவி அழுத்திக் கட்டினால் போதும்.

கேள்வி: சாப்பாடும் தண்ணீரும்? (சங்கரன்கோவில் வாசகர்)

பதில்: நம் ஊர்ப் பண்டமே போதும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய், பொரிவிளங்காய் உருண்டை, அவல், கருப்பட்டி எல்லாம் எடைக்கு நிறைய சக்தி தருபவை, கெடாதவை. பசிக்கும் முன் மணிக்கு ஒருமுறை ஒரு வாய் போடுங்கள். ஓடை நீரைக் கொதிக்கவிட்டு ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் வையுங்கள். குளோரின் மாத்திரை போட்டால் அரை மணி நேரம், நீர் சில்லென்றிருந்தால் இன்னும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். கேஸ் குப்பியை ரயிலிலும் விமானத்திலும் கொண்டுபோகக் கூடாது, இறங்கும் ஊரில் வாங்குங்கள். வெறும் பியூட்டேன் நிரப்பியது உறைநிலைக் குளிரில் எரியாது. புரோப்பேன் கலந்ததாகப் பார்த்துக் கேளுங்கள்.