மாதவிடாய்க்கு முன் மார்பு நோவும் கட்டியும்: பயப்பட வேண்டுமா?

கேள்வி: சாவகச்சேரியிலிருந்து எழுதுகிறேன். வயது 38, இரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு மாதமும் மாதவிடாய்க்கு ஒரு கிழமை முன் இரண்டு மார்பும் கனத்து நோகின்றன. அக்குள் பக்கமாகச் சின்னச் சின்னக் கட்டிகள் தட்டுப்படுகின்றன. மாதவிடாய் வந்தபின் குறைகிறது. கனடாவில் இருக்கும் அக்கா கோப்பியை நிறுத்தச் சொல்லி, ஈவினிங் பிரிம்ரோஸ் (ஒரு பூச்செடியின் விதை எண்ணெய்) குளிசையும் அனுப்பியிருக்கிறா. புற்றுநோயாக இருக்குமோ என்று நித்திரை இல்லை. வைத்தியரிடம் காட்டவும் கூச்சமாக இருக்கிறது.

பதில்: தங்கச்சி, “மாதவிடாய் வந்தபின் குறைகிறது” என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு மிகவும் ஆறுதலான வரி. புற்றுநோய்க் கட்டி இப்படி மாதாமாதம் வந்து போவதில்லை. இரண்டு பக்கமும் சேர்ந்து நோவதும், அக்குளை ஒட்டிய மேற்பகுதியில் கூடுதலாகத் தட்டுப்படுவதும் ஹோர்மோன் மாற்றத்தின் வழக்கமான அடையாளங்கள். முட்டை வெளியானபின் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்ரோனும் பால் சுரப்பிகளைத் தூண்ட, மார்பில் நீர் கோர்த்து வீங்குகிறது. இது வருடக்கணக்காக நடக்கும்போது சில இடங்கள் தடித்து நார் போலாகும், சில இடங்களில் சிறு நீர்ப்பைகள் உண்டாகும். 30 முதல் 50 வயதுவரை மிகப் பலருக்கு உண்டு. மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் அடங்கிவிடும். இந்தச் சாதாரண தடிப்பும் நீர்ப்பையும் புற்றுநோயாக மாறுவதில்லை.

முதலில் ஒரு கலண்டரில் நோகும் நாட்களையும் மாதவிடாய் நாட்களையும் இரண்டு மூன்று மாதம் குறியுங்கள். குறிகள் மாதவிடாய்க்கு முன்னால் கூடி நின்றால் காரணம் ஹோர்மோன்தான். ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடந்து, விலா எலும்பை அழுத்தும்போதும் நொந்தால், அது கிணற்றில் தண்ணி அள்ளியதாலோ பாரம் தூக்கியதாலோ வந்த தசை நோவாகவும் இருக்கலாம். மாதவிடாய் பிந்தினால் கர்ப்பமா என்றும் பாருங்கள். குடும்பக்கட்டுப்பாட்டு ஊசியோ குளிசையோ பாவித்தால் அதுவும் நோவைக் கூட்டும். ஆனால் நீங்களாக நிறுத்தாமல், வேறு முறை பற்றிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

நோவைக் குறைப்பதில் நான் முதலிடம் கொடுப்பது பிராவுக்கு. பிள்ளை பெறுவதற்கு முன் வாங்கிய அளவையே இன்னும் வாங்குகிறவர்களும், இலாஸ்டிக் இழுபட்டதை வீட்டில் போடுகிறவர்களும் நம்மிடையே அதிகம். புதிதாக அளந்து, அகலமான பட்டியும் முழுதாகத் தாங்கும் கிண்ணமும் உள்ளதை வாங்குங்கள். குழி விழுந்த ஒழுங்கையால் ஸ்கூட்டியிலோ சைக்கிளிலோ போகிறவர்களுக்கு, நோகும் கிழமையில் விளையாட்டு பிரா பெரிய உதவி. இரவில் நொந்தால் மெல்லிய பருத்தி பிராவோடு படுக்கலாம்.

தாங்க முடியாத நாளில் பனடோல் 2 குளிசை போடலாம். 6 மணித்தியால இடைவெளி விடுங்கள், ஒரு நாளுக்கு 8க்கு மேல் வேண்டாம். நோவு தணிக்கும் டைக்ளோபெனக் ஜெல்லை நோகும் இடத்தில் பூசுவதும் நல்ல பலன் தரும். கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் பூச வேண்டாம். ஐபுபுரோபென் என்ற நோவுக் குளிசை வயிற்றுப் புண், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. மாரியில் காய்ச்சல் வந்தால், டெங்கு இல்லையென்று தெரியும்வரை ஐபுபுரோபெனும் டைக்ளோபெனக்கும் தொடவே கூடாது.

அக்காவின் அக்கறை நல்லது. ஆனால் பிரிம்ரோஸ் குளிசை இந்த நோவைக் குறைக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. காசு கொடுத்து வாங்கச் சொல்லமாட்டேன். கோப்பி, தேத்தண்ணியைக் குறைத்துப் பார்ப்பதால் கெடுதல் இல்லை, சிலருக்குச் சுகம் தெரிகிறது.

இவ்வளவு சொன்னாலும், ஒரு தடவை வைத்தியர் கையால் பார்த்தே ஆகவேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் சுகவனிதையர் கிளினிக் 35 வயதைத் தாண்டிய உங்களைப் போன்ற பெண்களுக்காகவே நடக்கிறது. மார்பகத்தோடு கருப்பைக் கழுத்தையும் பார்ப்பார்கள், இலவசம். கூச்சமென்றால் பெண் வைத்தியரை அல்லது தாதியை உடனிருக்கச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. மாதவிடாய் தொடங்கி 7 முதல் 10 நாளில் போனால் மார்பு இளகியிருக்கும், பரிசோதனை நோகாது. சந்தேகம் இருந்தால் ஸ்கானோ மமோகிராமோ (மார்பக எக்ஸ்ரே) எடுப்பார்கள். பெரிய நீர்ப்பையென்றால் ஊசியால் நீரை இழுத்துவிட, நோவும் அப்போதே குறையும்.

மாதவிடாய் முடிந்தும் போகாத கட்டி, ஒரே இடத்தில் கல்லாக நிற்பது, தோல் குழிவது, முலைக்காம்பு புதிதாக உள்ளிழுப்பது, காம்பில் இரத்தக் கசிவு, அக்குளுக்குள்ளேயே வீக்கம் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கலண்டர் குறித்துக்கொண்டிருக்க வேண்டாம். நோகாவிட்டாலும் அந்தக் கிழமையே யாழ். போதனா வைத்தியசாலைக்கோ கிட்டவுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ போய் சத்திரசிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள்.