எல்லாக் கலைகளுக்கும் ஒரே சங்கம்: சந்தா கட்டலாமா?

கேள்வி: பன்னிரண்டு வருடமாகக் கராத்தே சொல்லிக்கொடுக்கிறேன். கூடவே கொஞ்சம் ஜுஜுட்சு, கம்புப் பயிற்சி. என் மாஸ்டர் காலமான பிறகு எந்த அமைப்பிலும் நான் இல்லை. எந்தக் கலையின் பயிற்சியாளரையும் சேர்த்துக்கொள்ளும் சங்கம் ஒன்று, ஆண்டுச் சந்தாவுக்கு அடையாள அட்டை, காப்பீடு, என் பிளாக் பெல்ட்டுக்கு அங்கீகாரம் எல்லாம் தருகிறதாம். தனிக் கட்டணம் கட்டினால் அடுத்த டானும், அதாவது பிளாக் பெல்ட்டில் அடுத்த படிநிலையும், உண்டாம். சேரலாமா?

பதில்: காப்பீட்டுக்காகச் சேரலாம். டானுக்காக வேண்டாம்.

தற்காப்புக் கலைகளில் டான் முறையைக் கொண்டுவந்த ஜூடோவின் நிறுவனர் ஜிகோரோ கானோ, 1883இல் தன் ஜூடோ மாணவர்கள் இருவருக்கு முதல் டான் கொடுத்தார். தன் கண்முன்னே வளர்ந்தவர்களுக்கு அவர் கொடுத்த தரம் அது. உங்கள் கட்டாவை (கராத்தேயின் வரிசைப்படுத்திய அசைவுகளை) ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள் பணம் வாங்கிக்கொண்டு தரும் டான், உங்கள் மாஸ்டர் கட்டிவிட்ட பெல்ட்டுக்கு என்ன மதிப்பைக் கூட்டிவிடும்? பழைய சான்றிதழைச் சரிபார்த்துப் பதிவு செய்வது மட்டும் என்றால் சரி, மாஸ்டரை இழந்தவருக்கு அது ஓர் ஆறுதல்தான்.

காப்பீட்டுக்கு வருவோம். சங்கம் தரும் ஒரு பக்கச் சான்றிதழோடு நின்றுவிடாதீர்கள், முழு பாலிசியையும் கேளுங்கள். கராத்தேயும் ஜுஜுட்சுவும் பேர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கின்றனவா? கம்பு ஆயுதக் கணக்கில் போய், விலக்குப் பட்டியலில் இருக்கலாம். சண்டைப் பயிற்சி, குழந்தைகள் வகுப்பு, வாடகை இடம் ஆகியவற்றையும் பாருங்கள். பலர் கவனிக்காத ஒன்று, இழப்பீட்டு உச்சவரம்பு. அது உங்கள் ஒருவருக்கா, எல்லா உறுப்பினர்களுக்கும் சேர்த்தா? சேர்த்து என்றால், வேறொருவரின் பெரிய வழக்கே அந்த வருடத் தொகையைத் தின்றுவிடலாம்.

பொறுப்புக் காப்பீடு பெரும்பாலும் உங்கள் தவறால் ஏற்பட்ட காயத்துக்குத்தான். பையன் தானாகக் கால் இடறி விழுந்து கை ஒடிந்தால் அவனுக்கு எதுவும் வராது. அதற்கு மாணவர்களுக்கான விபத்துக் காப்பீடு தனி. உங்களை நம்பிப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்காக அதையும் எடுத்துவிடுங்கள். 'பொறுப்பல்ல' என்று அவர்களிடம் கையெழுத்து வாங்கி வைத்தால் போதும் என்று நினைக்கவே வேண்டாம்.

அப்புறம், சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக ஒன்று. சில பாலிசிகளில், வழக்கு வரும் நாளில் நீங்கள் உறுப்பினராக இருந்தால்தான் பணம் வரும். இன்று அடிபட்ட குழந்தைக்காக வழக்கு சில வருடம் கழித்துக்கூட வரலாம். சங்கத்தை விட்டு விலகிய பிறகு, பழைய வகுப்புகளுக்குப் பாதுகாப்பு நீடிக்குமா? இதற்கு மட்டும் வாய்ப்பேச்சு போதாது, எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.