படுகளத்து மண்

அன்புள்ள ஐயா,

பாரிஸ் சதுக்கத்தில் பனிப்பாளங்களைக் கொண்டுவந்து உருகவிட்டதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சில நாளில் தண்ணீராகிவிடுவதைச் சிற்பம் என்று எப்படி ஏற்பது? வேலூர்க் கோட்டைக் கல்யாண மண்டபத்துத் தூண்கள் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கின்றன. அதல்லவா கலை? மேலும், பாலாறு வறண்டு கிடப்பதைத் தினமும் பார்க்கிறவனுக்கு இயற்கையின் அழிவைக் காட்ட ஒரு கலைஞர் எதற்கு?

க., குடியாத்தம்

அன்புள்ள க.,

அந்தத் தூண்களின் யாளிகளையும் குதிரை வீரர்களையும் எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் கண்முன் வந்தது துரியோதனன் படுகளம். நம் வட ஆர்க்காட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் முடியும் நாளில் மல்லாந்து கிடப்பானே, அந்த மண் துரியோதனன். ஈர மண்ணைக் குழைத்து, மார்பும் புயமும் திரட்டி, மீசை வைத்து, வண்ணம் பூசி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். கூத்துக்காரர்கள் அவன் மேலேயே ஏறி ஓடிச் சண்டையிடுவார்கள். பீமன் தொடையைப் பிளந்ததும் செந்நீர் பெருகும். பிறகு சனம் ஆளுக்கொரு பிடி மண் அள்ளிக்கொண்டு போகும். என் அம்மா அதை நெல் குதிரில் போட்டுவைப்பார். வயலில் தூவுகிறவர்களும் உண்டு. இது நிலைக்கவில்லையே என்று அங்கே யாரும் கேட்டதில்லை. அள்ளிச் செல்லும்போதுதான் அது நிறைவடைகிறது.

நீங்கள் சொன்ன பாரிஸ் சதுக்கத்தில் கலைஞர் ஓலாஃபர் எலியாசன் 2015இல், பருவநிலை மாநாடு நடந்த நாட்களில், கிரீன்லாந்தின் 12 பனிப்பாளங்களைக் கடிகார வடிவில் வைத்தார். மக்கள் அவற்றைத் தொட்டார்கள், காது வைத்துக் கேட்டார்கள். உருகுவதுதான் அந்தப் படைப்பு.

கல்லைச் சொன்னீர்கள். ஜெர்மனியின் காசெல் நகரில் 1982இல் யோசப் பாய்ஸ் என்ற கலைஞர் 7000 கருங்கற்களை அருங்காட்சியகத்தின் முன் குவித்தார். ஒரு மரக்கன்று நட்டால்தான் குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்து அதன் பக்கத்தில் ஊன்றலாம். 1986இல் அவர் இறந்தார். கடைசிக் கன்றை மறு ஆண்டு அவருடைய மகன் நட்டார். நட்ட அன்று கன்றுக்குத் துணையாக நின்ற கல், இன்று மரத்தடியில் சிறுத்துக் கிடக்கிறது. கல் வளரவில்லை, மரம் வளர்ந்தது. அந்த இடைவெளியைச் செதுக்கியது காலம்.

உங்கள் கடைசிக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. தினமும் பார்க்கிறோம் என்கிறீர்கள். பாலாற்றுப் பாலத்தில் பஸ் போகும்போது எத்தனை பேர் தலையைத் திருப்புகிறார்கள்? ஆற்றைக் கெடுக்கும் தோல் ஆலைக் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ராணிப்பேட்டையில் மூடிய ஆலை ஒன்றின் நச்சுக் குரோமியக் கழிவு அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் குவிந்து கிடந்தது. பழகிய கண்ணுக்கு அது வெறும் மேடு. அதை மறுபடி பார்க்க வைக்க ஒருவர் வேண்டும்.

நம் பக்கத்து இளம் கலைஞர் ஒருவர் தோல் பதனிடும் இடங்களை ஒட்டிய மண்ணை அள்ளி ஒரு படுகளம் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அந்த மண்ணில் ஒரு பிடியை எந்தத் தாய் தன் நெல் குதிரில் போடுவாள்? என் அம்மா போட்டிருக்க மாட்டார்.

அடுத்த பாரதத்துக்கு உங்கள் ஊர்ப் பக்கம் படுகளம் நடந்தால் விடியுமுன் போங்கள். உருவம் செய்கிறவரிடம், மண் எந்த ஏரியிலிருந்து வந்தது, முன்பு எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.