வாசிக்கத் தயங்கும் அப்பா, தடுமாறும் மகன்

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. எழுத்து எழுத்தாகக் கூட்டித்தான் படிக்கிறான். வரியை முடிப்பதற்குள் தொடக்கம் மறந்துபோகிறது. நான் வளர்ந்த வீட்டில் பாடநூலைத் தவிர வேறு புத்தகம் இருந்ததில்லை. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கத் தடுமாறியதும் எல்லோரும் சிரித்ததும் இன்னும் மறக்கவில்லை. 38 வயதிலும் நாலு பேர் முன்னால் வாசிக்கச் சொன்னால் தொண்டை வறண்டுவிடுகிறது. என் குறைதான் அவனுக்கும் வந்துவிட்டதா? அலமாரி நிறையப் புத்தகம் வாங்கி வைத்தால் சரியாகுமா?

பதில்: அலமாரியைப் பிறகு பார்ப்போம். முதலில் ஒரு சின்னச் சோதனை. அவன் திணறுகிற அதே பக்கத்தை இன்று இரவு நீங்கள் அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். (முன்கூட்டியே தனியாக ஒருமுறை வாசித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். தொண்டை அவ்வளவாக வறளாது.) முடித்ததும் "கதையில என்னடா நடந்துச்சு?" என்று கேளுங்கள். சரியாகச் சொல்லிவிட்டான் என்றால், எழுத்தை ஒலியாக்குவதில்தான் சிக்கல். காதால் கேட்டும் பிடிபடவில்லை என்றால் சிக்கல் மொழியில் இருக்கிறது: அந்தச் சொற்களோ, அந்தக் கதை நடக்கும் உலகமோ அவனுக்குப் பழக்கமில்லை.

1986-இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்துக்கூட்டும் திறனை, கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கினால் வருவது வாசிப்பு. பெருக்கல் என்பதால், ஒரு பக்கம் பூஜ்யமானால் மறுபக்கம் எவ்வளவு இருந்தும் விடை பூஜ்யம்தான். எந்தப் பக்கம் குறைகிறது என்று பார்க்காமல் "இன்னும் பத்து தடவை படி" என்று உட்கார வைப்பது பிள்ளைக்குத் தண்டனை, உங்களுக்கு ரத்தக்கொதிப்பு.

அவன் தமிழில் படிக்கிறான் என்று எடுத்துக்கொண்டே சொல்கிறேன். ஏழு வயதில் மெதுவாகக் கூட்டுவதாலேயே பதற வேண்டாம். நம் எழுத்துமுறை ஒழுங்கானது, ஆனால் பெரியது. 'கொ' என்ற எழுத்தைப் பாருங்கள். காதுக்கு 'க்' முதலில் வருகிறது, 'ஒ' பிறகு. கண்ணுக்கோ கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் 'க'. இதெல்லாம் கையில் படிய மூன்று நான்கு வருடம் ஆவது சாதாரணம். இன்னொரு விஷயம், 'க' கடலில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி, அகத்தில் வேறு மாதிரி ஒலிக்கிறது. "பாவம் செய்தான்" என்பதில் வரும் பாவமும் முகபாவத்தில் வரும் பாவமும் எழுத்தில் ஒன்றே. எது எப்படி ஒலிக்கும் என்பதைக் காதுதான் தீர்மானிக்கிறது. முன்பே கேட்டுப் பழகிய சொல் என்றால் பாதி கூட்டும்போதே பிள்ளை பிடித்துக்கொள்வான். கேட்டே இராத சொல்லை முழுதாகக் கூட்டி முடித்தாலும், அது சொல்லா வெறும் சத்தமா என்று தெரியாமல் உங்கள் முகத்தைப் பார்ப்பான்.

நீங்கள் வளர்ந்த வீட்டில் இல்லாமல் போனது இந்தக் கேட்டுப் பழகிய காதுதான் என்று நினைக்கிறேன். புத்தகம் இல்லாதது இரண்டாம்பட்சம். நாம் பேசுவது "வந்துட்டாங்க", புத்தகத்தில் இருப்பது "வந்துவிட்டார்கள்". எழுத்துத் தமிழைக் காதால் கேட்காத குழந்தைக்கு முதல் வகுப்பில் எழுத்தும் புதிது, அந்த எழுத்து சொல்லும் மொழியும் புதிது. இரண்டு சுமை ஒரே நாளில் ஏறுகிறது. ஆங்கிலத்தில் ஹேய்ஸ், அரென்ஸ் 1988-இல் செய்த ஆய்வு ஒன்றில், கல்லூரி படித்த பெரியவர்களின் பேச்சில் வருவதைவிடச் சிறுவர் புத்தகங்களில் அரிய சொற்கள் அதிகம் என்று தெரியவந்தது. வீட்டில் எவ்வளவுதான் பேசினாலும் சில சொற்கள் புத்தகத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். யாராவது வாசித்துக் காட்டினால்தான் அவை காதுக்கு வரும்.

ஆனால் வாசித்துக்காட்டுவது ஒலிபரப்பு மாதிரி இருந்தால் பயன் குறைவு. 1988-இல் வைட்ஹர்ஸ்டும் குழுவினரும் சில பெற்றோருக்கு ஒரு மாதம் பழக்கிக் கொடுத்தது ரொம்பச் சின்ன விஷயம்: நடுவில் நிறுத்திக் கேளுங்கள், பிள்ளை சொல்வதை நீட்டிச் சொல்லுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக அவனையே கதை சொல்ல விடுங்கள். அந்தப் பெற்றோரின் குழந்தைகள் பேச்சுத்திறனில் மற்றவர்களை முந்தினார்கள். 2018-இல் ரோமியோ என்ற ஆய்வாளரும் குழுவினரும் நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். காதில் விழுந்த சொற்களின் எண்ணிக்கையைவிட, மாறி மாறிப் பேசிக்கொண்ட தடவைகளுக்கும் மூளையின் மொழிப்பகுதி இயங்குவதற்கும்தான் நெருங்கிய தொடர்பு தெரிந்தது. படத்தைப் பார்த்து நீங்களாகவே கதை கட்டிச் சொன்னாலும் இது நடக்கும். அதற்கு வாசிக்கவே வேண்டாம்.

இனி, "என் குறையா" என்ற கேள்வி. இதில் உங்களைச் சமாதானப்படுத்துவதற்காக எதையும் மறைக்க மாட்டேன். வாசிப்புக் குறைபாடு, அதாவது டிஸ்லெக்சியா, குடும்பவழியில் வருவதுண்டு. நீங்கள் வகுப்பில் தடுமாறியதற்குப் பயம் மட்டும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் யாரும் பார்த்துச் சொல்லாத ஒரு சிரமம் உங்களுக்கே இருந்திருக்கலாம். அது யார் குற்றமும் இல்லை, அறிவுக்குறையும் இல்லை. ஆனால் அப்படி இருந்திருந்தால், "வயசானா சரியாயிடும்" என்று அவன் விஷயத்தில் காத்திருக்கக் கூடாது. மெதுவாகப் படிப்பவன் குறைவாகப் படிப்பான், குறைவாகப் படிப்பதால் சொற்கள் சேராது, அதனால் மேலும் பின்தங்குவான். எவ்வளவு தாமதமாகக் கவனிக்கிறோமோ, இடைவெளி அவ்வளவு கூடும்.

முதலில் காதையும் கண்ணையும் பரிசோதித்துவிடுங்கள். அடிக்கடி காதுவலி வந்த பிள்ளை என்றால் கட்டாயம். பேச்சு தாமதமாக வந்ததா, 'மரம்' என்பதில் முதலில் என்ன சத்தம் கேட்கிறது என்றால் திணறுகிறானா, இரண்டு சொற்கள் எதுகையில் ஒத்துப்போவது காதில் விழுகிறதா என்று கவனியுங்கள். இவற்றிலும் தடுமாற்றம் தெரிந்தாலோ, ஆறு மாதம் தினமும் உட்கார்ந்தும் அசைவில்லை என்றாலோ, கற்றல் குறைபாடுகளில் பயிற்சி பெற்ற சிறப்பாசிரியரிடமோ உளவியலாளரிடமோ காட்டுங்கள். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பைப் படிப்படியாகப் பழக்கும் பயிற்சி இருக்கிறது. அது பலன் தருகிறது.

வீட்டில் பத்து நிமிடம் போதும். அவன் ஒரு சொல்லில் நின்றால் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். வரவில்லையா, சொல்லைக் கொடுத்துவிட்டு நகருங்கள். ஒவ்வொரு பிழைக்கும் நிறுத்தாதீர்கள். விருந்தாளி வந்தால் "படிச்சுக் காட்டு" என்று எழுப்பி நிறுத்தவே வேண்டாம். அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

அலமாரி பற்றி: அவனே தேர்ந்தெடுத்த நாலைந்து புத்தகங்கள் போதும். ஒரே கதையை இருபது முறை கேட்டால் சலிக்காமல் வாசியுங்கள்.

நீங்கள் வாசிக்கையில் தடுமாறினால் மறைக்காதீர்கள். "இரு, மறுபடி பார்க்கிறேன்" என்று திரும்ப வாசியுங்கள். இந்த வயதில் இனி எனக்கென்ன என்றும் நினைக்காதீர்கள். தென் அமெரிக்காவின் கொலம்பியாவில் ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டு வந்த கெரில்லாப் போராளிகள் சிலர் இருபது வயதுக்கு மேல்தான் எழுதப் படிக்கக் கற்றார்கள். அவர்கள் மூளையின் அமைப்பிலேயே அதனால் வேறுபாடு தெரிந்ததை 2009-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தினமும் அந்தப் பத்து நிமிடத்தில் பயிற்சி பெறப்போவது மகன் மட்டுமல்ல.