வாசகர் கேள்வி - பதில்: புயல் சீசனுக்கு முன்னாடி கரீபியன்ல

கேள்வி: ஜனவரில ஆன்டிகுவாவுல கிளம்பி தீவு தீவா தெற்க இறங்கி, புயல் சீசனுக்கு முன்னாடி பாய்மரப் படகை கரைல ஏத்தி வெச்சுட்டு வீட்டுக்குப் பறந்துடலாம்னு நானும் மனைவியும் பிளான் பண்றோம். ரூட் எப்படி போடறது சார்?

பதில்: ரூட் அப்புறம் சார், முதல்ல யார்டுல, அதாவது படகைக் கரைல ஏத்தி நிறுத்தற இடத்துல, இடம் புக் பண்ணுங்க. எல்லாரும் பீச் ஃபோட்டோ பாத்து ரூட் போட்டுட்டு மே மாசம் யார்டுக்கு போன் அடிப்பாங்க, அதுக்குள்ள நல்ல இடமெல்லாம் போயிருக்கும். எந்தத் தேதில எங்க படகைத் தூக்கறோம்னு முடிவாயிட்டா மிச்சத்தை அதுலேர்ந்து பின்னாடி எண்ணிக்கிட்டே வந்துடலாம்.

ஆன்டிகுவாலேர்ந்து தெற்குக் கோடில இருக்கிற கிரெனடா வரைக்கும் நேர்கோட்டுல சுமார் 300 கடல் மைல் தான், அஞ்சு மாசத்துக்கு இது ஒண்ணுமே இல்ல, அதனால ஓடாதீங்க. குவாடலூப், டொமினிகா, மார்டினிக், செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட், பெக்வியா, அப்புறம் கிரெனடீன்ஸ்னு தீவுங்க ஒரு வில்லு மாதிரி வளைஞ்சு நிக்குது. காத்து பெரும்பாலும் கிழக்குலேர்ந்து வருது. மார்டினிக் வரைக்கும் நீங்க தெற்கோட கொஞ்சம் கிழக்கயும் ஏறிப் போறீங்க, அதனால காத்து கொஞ்சம் முன்பக்கமா வந்து மூஞ்சில தண்ணி அடிக்கும், செயின்ட் லூசியா தாண்டினா வில்லு மேற்க வளையுது, காத்து பின்னாடி திரும்பிடும், அங்கேர்ந்து தான் உங்க மனைவி சிரிக்க ஆரம்பிப்பாங்க.

தீவுக்கு மேற்குப் பக்கம் மலை மறைச்சு காத்தே இருக்காது, இன்ஜின் போட்டுப் போவோம், "அட இவ்ளோதானா"ன்னு முழுப்பாயையும் விரிச்சு வெச்சிருப்போம், தீவோட முனையைத் தாண்டின அடுத்த நிமிஷம் சேனல் (ரெண்டு தீவுக்கு நடுவுல இருக்கிற கடல்) காத்து முழுசா வந்து மோதும். அட்லாண்டிக் அலையும் கூடவே வரும். முனை வர்றதுக்கு முன்னாடியே பாயைக் குறைச்சுக்கட்டுங்க. டிசம்பர், ஜனவரில 'கிறிஸ்மஸ் விண்ட்ஸ்'னு நாள்கணக்கா 25 நாட் (மணிக்குச் சுமார் 46 கிலோமீட்டர்) வேகத்துல, அதுக்கு மேலயும் அடிக்கும், அப்ப நங்கூரத்துலயே உக்காந்திருக்கிறது கோழைத்தனம் இல்ல. பிப்ரவரிக்கு அப்புறம் மெல்ல மெல்ல சாந்தமாகும்.

கிரெனடீன்ஸ்ல இருக்கிற டொபாகோ கேஸ்ங்கிற குட்டித் தீவுக் கூட்டத்துல மட்டும் நாலு நாள் கூடுதலா வெச்சுக்குங்க. பவளப்பாறைக்குப் பின்னாடி நங்கூரம் போட்டுட்டு ஆமையோட நீந்தலாம், கிழக்க ஆப்பிரிக்கா வரைக்கும் நிலமே கிடையாது.

கேள்வி: கிரெனடா புயல் பாதைக்கு வெளில இருக்குன்னு சொல்றாங்களே, அங்க வெச்சா நிம்மதியா தூங்கலாமா?

பதில்: வெளில இல்லீங்க, ஓரத்துல இருக்கு. சீசன் ஜூன் 1லேர்ந்து நவம்பர் 30 வரைக்கும், உச்சம் செப்டம்பர் 10 வாக்குல. 12 டிகிரி அட்சரேகைகிட்ட இருக்கிறதால கிரெனடாவுக்குப் புயல் வர்ற வாய்ப்பு வடக்குத் தீவுகளை விட ரொம்பக் கம்மி, அது உண்மை. ஆனா 2004 செப்டம்பர் 7ல இவான் புயல் நேரா வந்து அடிச்சப்ப யார்டுல நின்ன படகுங்க ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு விழுந்துச்சு. அடுத்த வருஷம் ஜூலைலயே எமிலி. அப்புறம் 2024 ஜூலை 1, பெரில் நாலாம் வகை புயலா, கிரெனடாவோட வடக்குத் தீவான கரியாகூ மேல ஏறிச்சு, பாதுகாப்புன்னு நம்பி சதுப்புக் காட்டுக்குள்ள கட்டி வெச்ச படகுங்களும் தப்பிக்கல. "செப்டம்பருக்குத் தானே, இன்னும் டைம் இருக்கு"ன்னு ஜூலை வரைக்கும் சுத்தறவங்க இதை ஞாபகம் வெச்சுக்கணும்.

இன்சூரன்ஸ் பாலிசியையும் நல்லா படிங்க. சீசன்ல எந்த அட்சரேகைக்குத் தெற்க படகு இருக்கணும்னு நிறைய கம்பெனி கோடு போட்டிருக்கும், ஒவ்வொருத்தர் கோடும் ஒவ்வொரு இடத்துல இருக்கும். கரைல ஏத்தி, தரையோட கட்டினா வடக்கயும் ஓகேன்னு சிலர் சொல்லுவாங்க, எழுத்துல வாங்கிக்குங்க.

புயல் மட்டும் தான் கணக்குன்னா ட்ரினிடாட்டுல சாகுவாராமஸ் இன்னும் நல்லது, 11 டிகிரிக்கும் கீழ. கிரெனடாலேர்ந்து சுமார் 80 கடல் மைல், வெனிசுவேலா கரை பக்கத்துல இருக்கிறதால கிளம்பறதுக்கு முன்னாடி அப்போதைய பாதுகாப்பு நிலவரம் விசாரிச்சுட்டுப் போங்க. மேற்க இருக்கிற குராசாவ் தீவும் நல்ல இடம்தான், போறப்ப காத்து பின்னாடி, சுகமா இருக்கும், சீசன் முடிஞ்சு திரும்பறப்ப காத்தும் நீரோட்டமும் எதிர்ல, நானூறு மைல் முட்டிக்கிட்டே வரணும். என்னைக் கேட்டா உங்களுக்கு கிரெனடா தான், ஆனா ஸ்ட்ராப் போட்டு நிலத்துல நங்கூரம் இறக்கிக் கட்டற யார்டா பாத்து.

கேள்வி: படகைத் தூக்கி வெச்சப்புறம் என்னென்ன கழட்டணும்?

பதில்: காத்துக்குப் பிடி குடுக்கிற எல்லாமே. முன்பாயைச் சுருட்டிக் கட்டிட்டா போதும்னு விட்டுட்டுப் போறவங்க தான் யார்டுல பெரிய ஆபத்து. புயல்ல அது எப்படியாவது அவுந்துக்கும், அவுந்ததும் உங்க படகு ஸ்டாண்டுலேர்ந்து சாஞ்சு பக்கத்துப் படகு மேல விழும், அது அடுத்தது மேல. இவான்ல நடந்தது இந்த வரிசை தான். பாய், பிமினி (வெயிலுக்குப் போடற துணிக்கூரை), ஸ்ப்ரே ஹூட் (தண்ணி தெறிக்காம முன்னாடி போடற துணி மறைப்பு), முடிஞ்சா சோலார் பேனலும் இறக்கிடுங்க. ஸ்டாண்டு ரெண்டு பக்கமும் செயின் போட்டு ஒண்ணோடொண்ணு இழுத்துக் கட்டியிருக்கான்னு நீங்களே குனிஞ்சு பாருங்க. மாஸ்ட்டையும் (பாய்மரக் கம்பத்தையும்) கழட்டி வெச்சா இன்னும் நல்லது, செலவு ஜாஸ்தி.

காக்பிட்ல (உக்காந்து படகு ஓட்டற திறந்த பள்ளத்துல) தண்ணி வடியற ஓட்டையில வலை மாட்டுங்க, ஒரு இலை அடைச்சா மழைத்தண்ணி நிரம்பி உள்ள இறங்கிடும். இன்ஜினுக்குள்ள நல்ல தண்ணி ஓட விட்டு உப்பைக் கழுவிடுங்க. டீசல் டேங்க் ஃபுல்லா இருக்கட்டும், காலியா இருந்தா உள்பக்கம் வேர்த்துத் தண்ணி சேரும். சாப்பாட்டுப் பொருள் ஒரு பாக்கெட் கூட வேணாம், கரப்பான் குடும்பம் நடத்திடும். ஃபிரிட்ஜ் கதவு திறந்தே இருக்கட்டும், பூஞ்சைக்கு மூடின இடம்னா உயிர்.

கேள்வி: ஒவ்வொரு தீவுலயும் இமிக்ரேஷன் பண்ணணுமா?

பதில்: ஒவ்வொரு தீவுலயும் இல்ல, ஒவ்வொரு நாட்டுலயும். போனதும் மஞ்சக்கொடி ஏத்துங்க (இன்னும் இமிக்ரேஷன் முடியலன்னு அர்த்தம்), கேப்டன் மட்டும் பேப்பரோட கரைக்குப் போகணும், முடிஞ்சதும் அந்த நாட்டுக் கொடி. குவாடலூப், மார்டினிக் ரெண்டும் பிரான்ஸ், யூரோ செலவாகும், ஆனா ஷெங்கன் விசா அங்க தானா செல்லாது, தனியா பாத்துக்குங்க. ஆன்டிகுவா, டொமினிகா, செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட், கிரெனடா எல்லாத்துலயும் ஒரே கிழக்கு கரீபியன் டாலர், ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70, 1976லேர்ந்து மாறவே இல்ல.

கேள்வி: கிரெனடா பக்கத்துல கடலுக்கடியில எரிமலை இருக்காமே, மேல போனா படகு மூழ்குமா?

பதில்: இருக்கு, பேரு கிக் எம் ஜென்னி, கிரெனடாவுக்கு வடக்க எட்டு கிலோமீட்டர்ல. கீழேர்ந்து வாயு குமிழி நிறைய வந்தா தண்ணியோட அடர்த்தி குறைஞ்சு படகு மிதக்கிறதே சிரமம், அதுக்குத்தான் சாதாரண நாள்லயே ஒன்றரை கிலோமீட்டர் சுத்தி யாரும் போகக்கூடாதுன்னு வெச்சிருக்காங்க, எரிமலை முழிச்சிருந்தா அஞ்சு கிலோமீட்டர். கரியாகூலேர்ந்து இறங்கற அன்னிக்குக் காலைல எது அமல்ல இருக்குன்னு பாத்துட்டு மேற்க கொஞ்சம் சுத்திப் போங்க, அரைமணி நேரம் தான் கூடும்.